ஊர்க் கட்டுப்பாடும் தெரு ஒற்றுமையும்

ராயகிரியிலிருந்து பாஞ்சாகுளம் அதிக தூரமில்லை. ராயகிரி இன்று சிவகிரி வட்டத்தில் இருக்கிறது. பாஞ்சாகுளம் பக்கத்துச் சங்கரன்கோவில் வட்டம். 2022 செப்டம்பரில் அந்தச் சின்ன ஊரின் பெயர் நாடு முழுக்கப் பரவியது. தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிப் பள்ளிப் பிள்ளைகளிடம், இனி உங்களுக்குத் தர முடியாது, ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்லும் காட்சி கைப்பேசிக்குக் கைப்பேசி ஓடியது.

அன்று எல்லோரும் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தோம். பார்க்க வேண்டியதுதான். ஆனால் கடைக்காரரையும் கொஞ்சம் பார்த்திருக்க வேண்டும். பெட்டிக்கடை ஐந்து ரூபாய், பத்து ரூபாய் வியாபாரத்தில் ஓடுவது. வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் நட்டம் கடைக்காரருக்கு. அந்த நட்டத்தை ஒருவர் ஏன் தாங்குகிறார்? அவர் விரும்பிச் செய்தாரா, வேறு வழியின்றிச் செய்தாரா என்பது நீதிமன்றம் பார்க்கும் விஷயம். ஊர்க்கூட்டத்தில் ஒன்று முடிவாகிவிட்டால் அதைத் தனியாளாக மீறுவது எவருக்கும் எளிதில்லை என்பது கிராமத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கட்டுப்பாட்டின் பின்னணியாகச் செய்திகளில் வந்தது இதுதான். சில ஆண்டுகளுக்கு முன்பு இரு தரப்புக்கும் இடையே ஒரு மோதல், அதில் வழக்கு. வழக்கில் பெயர் இருந்ததால் ஓர் இளைஞர் ராணுவத்தில் சேர முடியாமல் போகிறது. வழக்கைத் திரும்பப் பெறும்படி நம்மவர்களிடம் கேட்கிறார்கள், நம்மவர்கள் மறுக்கிறார்கள். உடனே ஊர் கூடுகிறது. ஒரு வீட்டுப் பையனின் வேலை ஒரு சாதி முழுவதின் மானப் பிரச்சினையாக மாறுகிறது. அந்த வழக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத கடையும் அதற்குள் வந்துவிடுகிறது.

காவல் துறை கைது செய்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10-வது பிரிவைக் கொண்டு, குற்றம்சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று திருநெல்வேலி நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டப் புத்தகத்தில் பல ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்த பிரிவு அது. வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் இந்த வாரம் நாம் எழுத வந்தது வேறொன்று. எதிரே ஓர் அணி நிற்கிறது என்றதும் ஓர் அணிக்குள் இருப்பவர்கள் எப்படி மாறிவிடுகிறார்கள் என்பது.

எதிராளி இருந்தால் உள்ளுக்குள் ஒட்டுதல் கூடும் என்பது ஊரறிந்த சேதி. ஆய்வாளர்கள் இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் கேரி போர்ன்ஸ்டைன் 1994-ல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. சிலரைக் குழுவாக உட்காரவைத்து, கையில் காசு கொடுத்து, அதை நீயே வைத்துக்கொள்ளலாம், அல்லது குழுவுக்குப் போடலாம் என்றார்கள். எதிர்க் குழு இல்லாதபோது குழுவுக்காகக் கொடுத்தவர்களைவிட, எதிர்க் குழு ஒன்று இருந்தபோது கொடுத்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், இரு குழுவும் போட்டி போட்டுக் கொடுத்தால் எல்லோருக்குமே நட்டம் வருகிற மாதிரிதான் அந்த விளையாட்டு அமைக்கப்பட்டிருந்தது. யாரும் கொடுக்காமல் இருந்திருந்தால் அத்தனை பேரும் கூடுதல் காசோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

போரைப் பார்த்த நாடுகளிலும் இதே கதை. சியரா லியோன், நேபாளம் உட்படப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை 2016-ல் ஆறு அறிஞர்கள் சேர்ந்து தொகுத்தார்கள். போரில் அடிபட்ட குடும்பங்கள் பின்னாளில் கூட்டங்களுக்கு அதிகம் வருகின்றன, பொது வேலைகளில் அதிகம் கைகொடுக்கின்றன என்று கண்டார்கள். ஆனால் அந்தக் கை பெரும்பாலும் தன் கூட்டத்தாருக்கு மட்டுமே நீண்டது.

நம் வட்டாரத்துக்கு இதைச் சொல்ல வெளிநாட்டு ஆய்வு தேவையில்லை. 1995 ஜூலை இறுதியில், சங்கரன்கோவில் அருகே வீரசிகாமணியில் ஒரு பேருந்து ஓட்டுநருக்கும் மாணவர்கள் சிலருக்கும் தகராறு. ஓட்டுநர் பட்டியல் சாதிக்காரர். பேருந்துப் படியோடு முடிந்திருக்க வேண்டிய சண்டை, சில நாட்களில் ஊர் ஊராகப் பற்றியது. இரு பக்கமும் உயிர்கள் போயின. ஆகஸ்ட் 31-ல் கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். வீட்டுச் சாமான்களை உடைத்தார்கள், தானியத்தைக் கொட்டிப் பாழாக்கினார்கள். படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும், வெளிநாட்டு வேலைக்குப் போகவிருந்தவர்களின் பாஸ்போர்ட்டுகளும் எரிந்தன. பணம் அனுப்பும் பிள்ளைகள் இருந்த தெரு என்பதே அந்தத் தெருவின் குற்றமாக இருந்தது.

அந்த அடிதான் தென்மாவட்டத்தில் தேவேந்திர குல வேளாளர் அரசியலைக் கட்டியது. குடும்பன் என்றும், காலாடி என்றும், பண்ணாடி என்றும், வாதிரியான் என்றும் ஊருக்கு ஒரு பெயரில் இருந்தவர்கள் ஒரே பெயரில் பேசத் தொடங்கினார்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் ஓட்டப்பிடாரத்தில் டாக்டர் கிருஷ்ணசாமி வென்றார். ஏழு உட்பிரிவுகளையும் ஒரே பெயரில் அழைக்க வேண்டும் என்ற கோரிக்கை 2021 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சட்டமானது. இதையெல்லாம் சாதாரணமாக நினைக்கக் கூடாது. குனிந்து நடந்த தெரு நிமிர்ந்தது. எதிர்ப்பு இல்லாமல் அந்த ஒற்றுமை வந்திருக்காது என்பதும் உண்மை.

அந்த ஒற்றுமை எதற்கெல்லாம் பயன்பட்டது, எதற்குப் பயன்படவில்லை என்பதைத்தான் இப்போது பேச வேண்டும்.

ஒரு வன்கொடுமை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்த அன்று தெருவே கூடும். சாலை மறியலுக்கு ஆள் வரும். ஆண்டு ஒன்று போகும், இரண்டு போகும். அப்போது வாய்தாவுக்கு யார் போவது? ராயகிரியிலிருந்து திருநெல்வேலி போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அன்று வழக்கு தள்ளிவைக்கப்பட்டால் அடுத்த வாய்தாவுக்கு இன்னொரு நாள் கூலி. இதற்கிடையில் எதிர் வழக்கில் நம் பையன் பெயர் இருக்கும். அவனுக்குப் போலீஸ் சான்று வேண்டியிருக்கும். வேலை கொடுக்கும் தோட்டக்காரர் சமாதானம் பேச ஆள் அனுப்புவார். வாங்கிய கடன் நினைவுக்கு வரும். ஒரு நாள் சாட்சி கூண்டில் ஏறி, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு இறங்குவார். பிறழ் சாட்சி என்று நீதிமன்றம் எழுதிக்கொள்ளும். துரோகி என்று தெரு சொல்லும். இத்தனை வாய்தாவுக்கும் அவருடைய பேருந்துக் கட்டணத்தை யார் கொடுத்தது என்று மட்டும் தெரு கேட்காது.

அந்தக் கட்டணத்துக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-ல் 11-வது விதி, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணப்படி, தினப்படி, பராமரிப்புச் செலவு தர வேண்டும் என்கிறது. 7-வது விதி விசாரணையை 60 நாளில் முடிக்கச் சொல்கிறது. 17-வது விதிப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். மறியலுக்குத் திரண்ட கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இந்த விதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் போனால் போதும். ஆனால் அது சூடில்லாத வேலை. மனு எழுத வேண்டும், நகல் வைக்க வேண்டும், திரும்பத் திரும்பப் போக வேண்டும். எதிராளியின் முகம் கண்முன் தெரியாத வேலைக்கு ஆள் சேர்வது கடினம்.

எதிர்ப்பில் பிறக்கும் ஒற்றுமைக்கு ஒரு சுபாவம் உண்டு. ஆளைச் சேர்க்கும், கேள்வியைச் சேர்க்காது. தலைக்கட்டு வரி பிரிப்பார்கள்: கோயில் கொடைக்கு ஒரு வரி, வழக்குச் செலவுக்கு ஒரு வரி. கட்டாத வீடு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். கட்டிய வீடு கணக்குக் கேட்டால், இந்த நேரத்தில் இதைக் கேட்கலாமா, அவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பார்கள். அவர்கள் காதில் விழும் என்ற பயம், நம் நோட்டுப் புத்தகத்தை மூடிவைக்க நல்ல பூட்டு. பெண்கள் வாய் திறந்தாலும் இதே பதில்தான். குடித்துவிட்டு அடிக்கிற கணவன் மறியலில் முன்வரிசையில் நிற்பவன் என்றால் அவன் மீது புகார் கொடுப்பதே தெருவுக்குச் செய்யும் துரோகம் ஆகிவிடுகிறது.

யார் தலைவராவது என்பதையும் எதிராளிதான் தீர்மானிக்கிறான். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 1954-ல் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் 22 சிறுவர்களை ஒரு முகாமில் இரண்டு அணிகளாகப் பிரித்து வைத்துப் பார்த்தார். கழுகு அணி ஒன்று, விரியன் அணி ஒன்று. பந்தயம் தொடங்கியதும் இரு அணிக்கும் பகை மூண்டது. கொடியை எரித்தார்கள், குடிலுக்குள் புகுந்தார்கள். அதோடு இன்னொன்றும் நடந்தது. கழுகு அணியில் அதுவரை தலைவனாக இருந்த பையன் பின்னுக்குப் போனான். ஒழுங்காக ஆடாவிட்டால் உதைப்பேன் என்று சொந்த அணியையே மிரட்டிய பையன் முன்னுக்கு வந்தான். பொறுமையாகப் பேசுகிறவர், மனு எழுதுகிறவர், கணக்கு வைக்கிறவர் சண்டைக் காலத்தில் ஓரமாக உட்கார்ந்துவிடுவது எங்கும் நடப்பதுதான்.

பின்பு ஷெரீஃபின் ஆட்கள் முகாமுக்கு வரும் குடிநீரை அடைத்தார்கள். இரு அணியும் சேர்ந்து அடைப்பைத் தேடினார்கள். பழுதான லாரியைச் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். மெல்லப் பகை தணிந்தது. பொதுவான தேவை வந்தால் சண்டை தீரும் என்று பள்ளிக்கூடப் பாடம்போல இதைச் சொல்வார்கள். நமக்கு இதில் பாதிதான் ஒப்புதல். அந்த 22 பையன்களும் ஒரே நிறம், ஒரே வசதி, ஒரே மதப் பிரிவு. ஓர் அணியிடம் நிலமும் கடையும் கிணறும் இருந்து, மற்ற அணி அவர்களிடம் கூலிக்குப் போகும் நிலை அங்கே இல்லை. பாஞ்சாகுளத்தில் ஒரு பக்கம் கடை வைத்திருந்தது, இன்னொரு பக்கம் மிட்டாய் வாங்கப் பிள்ளையை அனுப்பியது. இதை ‘இரு தரப்பு மோதல்’ என்று செய்தி போடுவது சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனம் நம் பத்திரிகை உலகத்தில் இன்னும் போகவில்லை.

அம்பேத்கர் 1936-லேயே இதைத் தெளிவாகப் பார்த்தார். ஒவ்வொரு சாதியும் தனக்காக மட்டுமே வாழ்கிறது, வெளியே ஒரு கலவரம் மூளும்போதுதான் மற்ற சாதியோடு தனக்கு உறவு இருப்பது அதற்கு நினைவு வருகிறது என்று எழுதினார். மேலே இருப்பவனுக்கு மரியாதை, கீழே இருப்பவனுக்கு இளக்காரம் என்று ஏணிபோல அடுக்கியதால்தான் மிதிபடுகிறவர்கள் சேர முடியவில்லை என்பது அவர் வாதம். இதை மேலே பார்த்து மட்டும் படிப்பது நமக்கு வசதியாக இருக்கிறது.

கீழேயும் பார்ப்போம். பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009-ல் சட்டமானது. நீதியரசர் ஜனார்த்தனம் அறிக்கையை வைத்து வந்த சட்டம். புதிய தமிழகம் அதை எதிர்த்தது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. உள் ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் சொல்லும் முதல் காரணம், இது நம் ஒற்றுமையைக் குலைக்கும் என்பது. நாம் கேட்பது, எந்த ஒற்றுமை? துப்புரவு வேலைக்கு மட்டும் அந்தத் தெருவைத் தேடிப் போய், மற்ற வேலைக்கு விண்ணப்பம் வரும்போது நாம் எல்லோரும் ஒன்று என்று சொல்வது ஒற்றுமையாக இருந்தால், பஞ்சாயத்துத் திண்ணையில் ஆதிக்கச் சாதிக்காரர் பேசும் ‘நாம் எல்லோரும் ஒரு தாய் மக்கள்’ என்பதும் ஒற்றுமைதான். அருந்ததியரைத் தாண்டி இன்னும் கீழே புதிரை வண்ணார் இருக்கிறார்கள். நம் துணியை வெளுத்தவர்கள், நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு வேலை செய்தவர்கள். 2009-ல் அவர்களுக்கென நல வாரியம் வந்தது. சாதிச் சான்றிதழ் வாங்கவே இன்னும் அலைகிறார்கள். நம் சங்கங்களில் எத்தனை அவர்களுக்காக ஒரு மனு கொடுத்திருக்கிறது?

எதிராளி விலகி நின்றால் ஒற்றுமை எப்படி உதிர்கிறது என்பதற்குத் தென்காசி மக்களவைத் தொகுதியே சாட்சி. இது தனித் தொகுதி. இதற்குள் வரும் சங்கரன்கோவிலும் வாசுதேவநல்லூரும் தனிச் சட்டமன்றத் தொகுதிகள். போட்டியிடுகிற எல்லோரும் பட்டியல் சாதியினரே. எனவே போட்டி நமக்குள்தான். 2024-ல் அ.தி.மு.க. அணியில் டாக்டர் கிருஷ்ணசாமி, பா.ஜ.க. அணியில் ஜான் பாண்டியன். இருவரும் தேவேந்திர குல வேளாளர் உரிமை பேசியே வளர்ந்தவர்கள். தி.மு.க.வின் டாக்டர் ராணி ஸ்ரீகுமார் சுமார் 4.25 லட்சம் வாக்கு வாங்கி வென்றார். கிருஷ்ணசாமிக்குச் சுமார் 2.29 லட்சம், ஜான் பாண்டியனுக்குச் சுமார் 2.08 லட்சம். இரண்டையும் கூட்டி, சேர்ந்திருந்தால் வென்றிருப்பார்கள் என்று கணக்குப் போடுவது தப்பு. அவை கூட்டணி வாக்குகள், ஒரு சாதியின் வாக்குகள் அல்ல. நாம் கவனிப்பது வேறு. தெருவில் கணக்குக் கேட்பதே பிளவு என்று அதட்டப்பட்ட ஆட்கள், தலைவர்கள் இரண்டு பெரிய கட்சிகளின் நிழலில் எதிரெதிராக நின்றபோது ஒன்றும் சொல்லவில்லை.

நினைவுக்கும் இதே கதி. நெற்கட்டும்செவல் புலித்தேவன் 18-ம் நூற்றாண்டில் ஆற்காடு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்றவர். அவர் படையில் ஒண்டிவீரனும் வெண்ணிக் காலாடியும் போரிட்டதாக இந்த வட்டாரம் நினைவில் வைத்திருக்கிறது. ஒருவர் மறவர், ஒருவர் அருந்ததியர், ஒருவர் தேவேந்திரர். ஒரே எதிரியை நோக்கி ஒரே படை. இன்று ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பர் 1 புலித்தேவன் பிறந்த நாள். இரண்டுக்கும் தென்காசி மாவட்டத்தில் தடை உத்தரவு போடுகிறார்கள். போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்கு 1997-ல் நடந்த கலவரமும், அதன் முடிவில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்ததும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு பேருந்தில் நம் பெயர் இருப்பதைத் தாங்க முடியாமல் எல்லாப் பேருந்திலும் எல்லாப் பெயரும் போயின.

மாணவர்களுக்கு இதில் பங்கு உண்டு. வீரசிகாமணியில் தொடங்கியதே மாணவர்கள் ஏறிய பேருந்தில்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன்படித்தவர்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் வண்ணக் கயிறு, நெற்றியில் சாதி அடையாளம் வேண்டாம் என்றது. கயிறு கட்டுகிற பையன் அதைப் பெரும்பாலும் வெறுப்பால் தொடங்குவதில்லை. கட்டாவிட்டால் தன் கூட்டத்தில் தனியாகிவிடுவோம் என்ற பயத்தால் தொடங்குகிறான். அவர்கள் மஞ்சளும் சிவப்பும் கட்டினால் நாம் பச்சையும் சிவப்பும் கட்டுவோம் என்று நம் பையன்களும் கட்டுகிறார்கள். பதிலடி போலத் தெரியும். ஆனால் அந்தக் கயிறு, பக்கத்து பெஞ்சில் உட்காரும் அருந்ததியப் பையனையும் நம்மிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது.

2021 அக்டோபரில் தேர்வான தென்காசி மாவட்ட ஊராட்சி மன்றங்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரில் முடிகிறது. ராயகிரி போன்ற பேரூராட்சிகளின் காலம் 2022 பிப்ரவரியில் நடந்த தேர்தலிலிருந்து கணக்கு. அந்தப் பக்கம் ஊர் கூடிப் பொது வேட்பாளரை முடிவு செய்வார்கள். நம் பக்கமும் தெரு கூடும். வாக்குச் சிதறக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. சிதறினால் நமக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆனால் தெருக்கூட்டம் எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு டீக்கடை முன்னால் கூடினால் பாதித் தெரு வராது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. அந்த வார்டுக்குப் பெண்ணின் பெயரை எழுதிவிட்டு அவள் வீட்டுக்காரரிடம் பேசி முடிப்பதுதான் வழக்கம். அருந்ததியர் தெருவுக்கு முடிவைத்தான் சொல்லி அனுப்புவார்கள், கூட்டத்துக்கு அல்ல. போன முறை வசூலித்த தேர்தல் செலவுக் கணக்கு யார் வீட்டில் இருக்கிறது என்று இந்த முறை முதலில் கேட்கப்போவது யார் என்று பார்க்கக் காத்திருக்கிறோம்.